முகம் மறைந்த வார்டுகளில்: பெருந்தொற்றும் மனநலச் செவிலியரும்

ஆவடியின் படைத்துறை உடைத் தொழிற்சாலையில் வழக்கமாக ராணுவச் சீருடைகள் தைப்பார்கள். 2020 ஏப்ரலில் அங்கே மருத்துவப் பணியாளர்களுக்கான முழு உடல் கவச உடைகள் தயாராயின. அந்தத் துணியை ரத்தம் ஊடுருவுமா என்று பார்க்கும் சோதனை வசதியும் அதே ஊரில், டாங்கிகள் உருவாகும் கனரக வாகனத் தொழிற்சாலையில் அமைந்தது. கவச உடைக்கு நாடே தவித்த நேரத்தில் சென்னையின் மேற்குப் புறநகர் செய்த பெரிய உதவி அது.

பொது மருத்துவமனையின் செவிலியருக்கு அந்த உடை உயிர்க்காப்பு. மனநல வார்டின் செவிலியருக்கும் அப்படித்தான். ஆனால் அங்கே அது ஒரு சிக்கலையும் சேர்த்தே கொண்டுவந்தது. தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று அஞ்சிக்கொண்டிருக்கும் நோயாளியின் முன்னால், கண் மட்டும் தெரியும் வெள்ளை உருவம் ஒன்று மாத்திரையோடு வந்து நிற்கிறது. நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி மருந்து கொடுத்த சிஸ்டர்தான் உள்ளே இருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தத் துறையில் செவிலியரின் முதல் கருவி முகம், இரண்டாவது குரல். ஊசியும் ரத்த அழுத்தக் கருவியும் அதற்குப் பிறகு. கொரோனா அந்த முதல் கருவியை முழுதாக மறைத்தது, இரண்டாவதை மங்கச் செய்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியருக்குக் கிடைத்த ஆதரவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கைத்தட்டினார்கள், காப்பீடு அறிவித்தார்கள், ஊக்கத்தொகை தந்தார்கள். அவை அனைத்தும் ‘செவிலியர்’ என்ற பொதுப் பெயருக்குக் கிடைத்தவை. மனநலச் செவிலியரின் வேலை எந்த இடத்தில் வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டுக்கு என்ன துணை வேண்டும் என்ற கேள்வி அந்தப் பேச்சில் அரிதாகவே எழுந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து அந்தக் கேள்வியை இப்போதாவது பார்க்க வேண்டும். ஏனென்றால் சென்னையின் மனநலச் சேவையில் கணிசமான பகுதி இந்த மேற்குத் திசையில்தான் இருக்கிறது.

கிழக்கு ஓரத்தில் தொடங்கலாம். அயனாவரம் மேடவாக்கம் குளம் சாலையில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தைச் சென்னைவாசிகள் ‘கீழ்ப்பாக்கம்’ என்றே சொல்வார்கள். 1794-இல் வாலன்டைன் கொனொலி என்ற அறுவை மருத்துவர் புரசைவாக்கம் பக்கம் தொடங்கிய காப்பகம், 1871-இல் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. 1,800 படுக்கைகள் கொண்ட இந்த நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மனநலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அங்கிருந்து மேற்கே போனால் அண்ணா நகர் மேற்கு விரிவில் ஸ்கார்ஃப் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நீண்ட காலம் கண்காணிப்பாளராக நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கிசோஃப்ரினியா ஆய்வு அறக்கட்டளை அது. பூந்தமல்லியை ஒட்டிய திருவேற்காட்டில் அதற்கு ஒரு தங்கும் மறுவாழ்வு இல்லம் உண்டு. சாரதா மேனன் 2021 டிசம்பரில், பெருந்தொற்றின் நடுவே, 98 வயதில் மறைந்தார். முகப்பேரில், 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பின் ‘அடைக்கலம்’, தெருவில் கைவிடப்பட்ட மனநோயுற்ற பெண்களுக்கான இல்லம். இன்னும் மேற்கே வேலப்பன்சாவடி, தண்டலம், நசரத்பேட்டை என்று பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டித் தனியார் மருத்துவக் கல்லூரிகள், அவற்றில் மனநலப் பிரிவுகள், சிலவற்றோடு செவிலியர் கல்லூரிகள். இவற்றுக்கு இடையில் மாவட்ட மனநலத் திட்டக் குழு, அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் போய்ப் புறநோயாளிகளைப் பார்க்கிறது.

இத்தனை இடங்களிலும் இரவில் நோயாளியோடு இருப்பவர் செவிலியர். மனநல மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போவார், உளவியலாளர் பகலில் இருப்பார். இரவு இரண்டு மணிக்குத் தூக்கமின்றி வராந்தாவில் நடப்பவரைக் கவனிப்பதும், ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் அந்த அமைதியைச் சந்தேகிப்பதும் நைட் டூட்டி சிஸ்டரின் வேலை.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனத்தின் 2017 மனநல அட்லஸ் கணக்குப்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு மனநலத் துறையில் பணியாற்றும் செவிலியர் 0.8. ஒரு முழு ஆள்கூட இல்லை. மனநல மருத்துவர்கள் 0.3-ஐத் தொடவில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது. கொரோனா வந்தது இந்தப் பற்றாக்குறையின் மேல்தான்.

சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் தளர்வாகவே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), மனநலச் செவிலியர் யார் என்று வரையறுக்கும்போது, மனநலச் செவிலியத்தில் பட்டமோ பட்டயமோ பெற்றவரோடு, பொதுச் செவிலியப் படிப்பு முடித்தவரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆள் பற்றாக்குறையில் இது நடைமுறைக்கு உகந்த முடிவுதான். ஆனால் அதன் பின்விளைவு, யாரை வேண்டுமானாலும் மனநல வார்டில் போடலாம், அங்கிருந்து எடுக்கவும் செய்யலாம் என்ற நினைப்பு. இந்தியச் செவிலியர் மன்றம் மனநலச் செவிலியத்துக்கு ஓராண்டுப் பட்டயமும் முதுநிலைப் படிப்பும் வைத்திருக்கிறது. அவற்றைப் படித்தவரின் திறமை படித்த துறையிலேயே பயன்படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கொரோனா வார்டுகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது எல்லாச் செவிலியரும் ஒரே பட்டியலின் பெயர்கள் ஆனார்கள்.

பயிற்சியிலும் அடி விழுந்தது. பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கத்துச் செவிலியர் கல்லூரி மாணவிகளுக்குக் கீழ்ப்பாக்கத்தில் வார்டுப் பயிற்சி என்பது படிப்பின் ஒரு பகுதி. பலருக்கு மனநோய் பற்றிய பயம் விலகுவதும் அங்கே கழித்த அந்தச் சில வாரங்களில்தான். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின, பாடங்கள் கைப்பேசித் திரைக்குப் போயின. கொதித்துப் போயிருக்கும் நோயாளியிடம் எவ்வளவு தூரத்தில் நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எப்போது பேசாமல் இருப்பது என்பதையெல்லாம் திரையில் கற்றுக்கொடுக்க முடியாது. அந்த ஆண்டுகளில் படித்து வெளியே வந்தவர்களுக்கு அந்தப் பயிற்சியை ஈடுசெய்ய வேண்டிய கடமை இன்னும் பாக்கி இருக்கிறது.

மனநல மருத்துவமனைகளில் தொற்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் மிகச் சீக்கிரமே பார்த்துவிட்டது. 2020 பிப்ரவரித் தொடக்கத்திலேயே சீனாவின் வூகான் மனநல மையத்தில் நோயாளிகள் ஐம்பது பேருக்கும் ஊழியர்கள் முப்பது பேருக்கும் தொற்று வந்ததாகச் செய்தி வந்தது. அதே மாதம் தென்கொரியாவின் சொங்தோவில் உள்ள தேநாம் மருத்துவமனையின் மனநல வார்டில் இருந்த 103 பேரில் 101 பேரைக் கொரோனா தொற்றியது. அந்த நாட்டின் முதல் கொரோனா மரணம் அந்த வார்டில் நீண்ட காலம் இருந்த ஒருவருடையது. மூடிய ஜன்னல்கள், பொதுக் கூடம், வரிசையாகக் கட்டில்கள், ஒன்றாகச் சாப்பாடு. மனநல வார்டின் கட்டமைப்பே கிருமிக்கு வசதியாக இருந்தது.

சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி வேறு நாட்டுச் செய்தி மட்டும் அல்ல. பெரிய கூடங்களில் பல ஆண்டுகளாக வாழ்பவர்கள் இங்கும் இருந்தார்கள். அவர்களிடம் ‘ஆறடி தள்ளி நில்லுங்கள்’ என்று சொல்வது எளிது. கேட்க வைப்பது செவிலியரின் பாடு. முகக்கவசம் போட மறுப்பவர், போட்டதைக் கழற்றி அடுத்தவருக்கு மாட்டிவிடுபவர், குரல்கள் ‘கழற்று’ என்று சொல்வதால் கழற்றுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. அதட்டினால் அந்த வேளைக்குப் போட்டுக்கொள்வார்கள், அடுத்த வேளைக்குச் செவிலியரையே நம்ப மாட்டார்கள்.

பொது வார்டில் சாதாரணமாகத் தெரியும் பொருள்கள் இங்கே ஆபத்தானவை. முகக்கவசத்தின் மூக்குக் கம்பியும் காதுப் பட்டையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள நினைப்பவருக்குக் கருவி ஆகலாம். சுவரில் மாட்டிய சானிடைசர் மதுவுக்கு அடிமையானவருக்கு மது. ஆகவே மற்ற வார்டுகளில் வாசலுக்கு ஒன்றாகத் தொங்கிய பாட்டில், மனநல வார்டில் செவிலியரின் பையிலோ பூட்டிய அலமாரியிலோ இருக்க வேண்டியிருந்தது. தொற்றுத் தடுப்பு விதிகளை எழுதியவர்கள் பொது வார்டை மனத்தில் வைத்து எழுதினார்கள். அவற்றை மனநல வார்டுக்குப் பொருந்தும்படி மாற்றும் வேலை, பெரும்பாலும் எழுத்தில் இல்லாத வேலை, டூட்டியில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது.

இன்னும் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு, மனநோயுற்றவரைத் தனி அறையில் அடைத்து வைப்பதைத் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, குறைந்த நேரத்துக்குக் கட்டுப்படுத்தலாம், அதையும் பதிவு செய்ய வேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயுற்றோர் 28 பேர் தீயில் கருகி இறந்த மாநிலம் இது. அந்தத் தடையின் அருமை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தொற்று உறுதியானவரைத் தனிமைப்படுத்த வேண்டும் என்பது பொது சுகாதார விதி. அறையை விட்டு வெளியே வந்துகொண்டே இருக்கும் ஒருவரை, பூட்டாமலும் கட்டாமலும், பதினான்கு நாள் எப்படித் தனிமையில் வைப்பது? கதவருகே ஓர் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பதுதான் சட்டத்துக்கும் மனிதத்துக்கும் உகந்த வழி. அதற்கு ஆள் வேண்டும். கவச உடையில் பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிவறை போகாமல், சென்னையின் மே மாத வெக்கையில் உட்காரக்கூடிய ஆள். ஆள் எண்ணிக்கை குறைந்த வார்டில், மனித உரிமையைக் காப்பாற்றும் பாரம் ஒரு ஷிஃப்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர் தோளில் இறங்குகிறது. சட்ட நூல்களில் இந்த இடம் தெளிவாக இருக்கும். வார்டில் அப்படி இல்லை.

பார்வையாளர் வருகை நின்றதும் செவிலியரே குடும்பமாக வேண்டியிருந்தது. குணமடைந்து வீட்டுக்குப் போகத் தயாரானவர்களும் பஸ் இல்லாததால், அழைத்துப் போக யாரும் வராததால் வார்டிலேயே தங்கினார்கள். ‘எப்ப சிஸ்டர் வீட்டுக்கு?’ என்ற ஒரே கேள்விக்கு ஒரு நாளில் எத்தனை தடவை பொய்யில்லாத பதில் சொல்ல முடியும் என்பதைப் பணிச்சுமைக் கணக்குகள் அளப்பதில்லை.

வார்டுக்கு வெளியே நடந்ததும் குறைந்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் 130 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில் 93 சதவீத நாடுகள், முக்கியமான மனநலச் சேவைகள் தடைபட்டதாகவோ நின்றுபோனதாகவோ கூறின. மனநோய்க்கான மாத்திரை ஒரு வாரம் நின்றாலும் பல மாத முன்னேற்றம் கரைந்துபோகலாம். க்ளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவருக்கு வெள்ளணுக்களைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை முறையாக நடக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடலாம். ‘காய்ச்சல், கொரோனாவா இருக்குமோ?’ என்று ஆவடியிலிருந்து ஒரு தாய் போனில் கேட்டால், அந்தக் கேள்வியில் இரண்டு ஆபத்துகள் இருப்பதைப் பிரித்தறிய மனநலம் படித்த செவிலியர் தேவை. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவர் காணொளியில் வந்தாலும், முன்பின் அழைப்பு, நினைவூட்டல், மருந்து தீர்ந்ததா என்ற விசாரிப்பு எல்லாம் செவிலியர், சமூகப் பணியாளர் கையில்தான் நின்றன.

மது இன்னொரு பக்கம். டாஸ்மாக் கடைகள் 2020 மார்ச் 24 மாலையோடு மூடின. மே மாதத்தில் மற்ற மாவட்டங்களில் திறந்தாலும், அப்போது சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் ஆகஸ்ட் 18 வரை காத்திருந்தன. திடீரென்று குடி நின்றால் கை நடுக்கத்தோடு போய்விடுவதில்லை. வலிப்பு வரும், இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊரும், நாள் கிழமை தெரியாமல் போகும், கவனிக்காவிட்டால் உயிரும் போகும். செங்கல்பட்டில் அந்த ஏப்ரலில் வார்னிஷைக் கலந்து குடித்த மூவர் இறந்தார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் அன்றாடக் கூலிகள், லாரி ஓட்டுநர்கள், மூடிய பட்டறைகளின் ஆட்கள் நிறைந்த பகுதி இது. குடிநிறுத்தப் பிதற்றலோடு வருபவரின் உடல் சூடு கொரோனாவா, வேறெதாவதா என்று தெரியாத நிலையில், திமிறும் அவரைப் பிடித்து ஊசி போட வேண்டியவர்கள் செவிலியர். ஆறடி இடைவெளி அங்கே சாத்தியமே இல்லை.

வீட்டிலிருந்து வார்டுக்கு வருவதே ஒரு பாடு. சென்னை – ஆவடி – அரக்கோணம் புறநகர் ரயில் இந்த வட்டாரத்து உழைப்பாளிகளின் உயிர்நாடி. பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ வீடு இருந்து கீழ்ப்பாக்கத்தில் டூட்டி என்றால், வில்லிவாக்கத்தில் இறங்கி ஒரு பஸ். 2020 மார்ச் கடைசி வாரத்தில் அந்த ரயில் நின்றது. அத்தியாவசியப் பணியாளர்களுக்காக அக்டோபர் தொடக்கத்தில்தான் மறுபடி ஓடியது. மாநகரப் பேருந்து பொதுமக்களுக்கு செப்டம்பர் 1 அன்று திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் சிறப்புப் பேருந்துகள், கணவரின் இருசக்கர வாகனம், மருத்துவமனை வேன். ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு திரும்பியபோது ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மே இரண்டாம் வாரத்தில் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குக் காய்கறி மொத்த வியாபாரம் நகர்ந்ததால், அந்தப் பக்கத்து வீடுகளில் தொற்றுப் பயம் இரட்டிப்பானது.

பயம் சில நேரம் குரூரமாகவும் மாறியது. 2020 ஏப்ரல் 13 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் அடக்கத்தின்போது ஆம்புலன்ஸ் தாக்கப்பட்டது. ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் ஏழு ஆண்டு வரை சிறை. மரியாதைக்குரிய மருத்துவர்களுக்கே இந்த நிலை என்றால், வாடகை வீட்டில் இருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தெருவில் எப்படிப் பார்க்கப்பட்டிருப்பார்? மனநல மருத்துவமனையில் வேலை என்றால் ஏற்கெனவே ஒரு முகச்சுளிப்பு உண்டு. ‘கீழ்ப்பாக்கமா?’ என்ற கேலியைத் திரைப்படங்கள் பல்லாண்டுகளாக ஊட்டி வளர்த்திருக்கின்றன. நோயாளியின் மேல் ஒட்டிய களங்கம் அவரைப் பராமரிப்பவர் மேலும் ஒட்டுகிறது. அதோடு கொரோனா பயமும் சேர்ந்தது.

இனி ஆதரவு. கொடுக்கப்பட்டவற்றைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. 2020 மார்ச் இறுதியில் மத்திய அரசு மருத்துவப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின் உச்சத்தில், தமிழ்நாடு அரசு செவிலியருக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசை மருத்துவப் பணியாளருக்கே. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2020 ஏப்ரலிலேயே பொது மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவமனைகளுக்குமான வழிகாட்டி நூலைக் கொண்டுவந்தது. ஆலோசனைக்கான தொலைபேசி எண்கள் வந்தன.

தொலைபேசி எண்ணில்தான் மனநலச் செவிலியருக்கு ஒரு தனிச் சங்கடம். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லும் எண்ணின் மறுமுனையில் இருந்தவர்கள் அவருடைய சக பணியாளர்கள், சில சமயம் அவரே. ‘எனக்குத் தூக்கம் வரவில்லை, வார்டுக்குள் போகவே பயமாக இருக்கிறது’ என்று யாரிடம் சொல்வது? சொன்னால் ‘மனநலம் பார்ப்பவருக்கே மனநலம் இல்லையா’ என்ற பேச்சு வரும், பணிப்பதிவேட்டில் ஒட்டிக்கொள்ளுமோ என்ற அச்சமும் வரும். மற்றவர்களுக்கு உதவி கேட்க இருந்த வாசல், இவர்களுக்கு வேலைசெய்யும் இடமாகவே இருந்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சீனாவில் 34 மருத்துவமனைகளின் 1,257 பணியாளர்களிடம் நடந்த ஆய்வில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மன உளைச்சலும் இருந்தன. செவிலியர்கள், பெண்கள், நேரடியாக நோயாளியைக் கவனித்தவர்கள் ஆகியோரிடம் தீவிரம் அதிகம். உலகம் முழுதும் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு அது. அதைவிடப் பயன்தரும் பாடம் 2003-இன் சார்ஸ் தொற்றிலிருந்து வருகிறது. கனடாவில் ராபர்ட் மாண்டரின் ஆய்வுக் குழு, தொற்று ஓய்ந்து ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு, சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த டொரன்டோ மருத்துவமனைப் பணியாளர்களையும், தொற்று வராத ஹாமில்டன் பணியாளர்களையும் ஒப்பிட்டது. டொரன்டோக்காரர்களிடம் களைப்பும் துயரமும் அப்போதும் கூடுதலாக இருந்தன. நேரடித் தொடர்பைக் குறைத்துக்கொள்வதும் விடுப்பெடுப்பதும் அதிகம். தங்களுக்குக் கிடைத்த பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமானவை என்று உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவு. பெருந்தொற்றின் காயம் தொற்று போனதும் ஆறிவிடாது என்பது கொரோனாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

எந்த உதவி பலன் தரும் என்ற கேள்விக்கு 2020 நவம்பரில் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு நேர்மையான பதில் தந்தது. தேடியதில் 16 ஆய்வுகள் மட்டுமே தேறின. இன்ன முறை நிச்சயமாகப் பலன் தரும் என்று சொல்லச் சான்று போதவில்லை. ஆனால் ஆதரவுத் திட்டங்கள் ஏன் தடுமாறுகின்றன என்பது ஓரளவு தெளிவானது. பணியாளருக்கு என்ன தேவை என்பதை நிறுவனமே அறியாதிருப்பது, ஆளும் நேரமும் கருவியும் இல்லாதிருப்பது. ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியவையும், நல்ல தகவல் தொடர்பு உள்ளவையும் ஓரளவு ஓடின. நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பதில் பெரிய மர்மம் இல்லை. தியானச் செயலியைவிட நைட் டூட்டிக்கு வேன் முக்கியம். மன உறுதி வகுப்பைவிட ஷிஃப்டில் கூடுதலாக இரண்டு பேர் முக்கியம்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாடுகளில் மனநலச் செவிலியருக்கு முறையான வழிகாட்டல் சந்திப்பு உண்டு. குறித்த இடைவெளியில், தன் மேலதிகாரி அல்லாத அனுபவசாலி ஒருவரோடு உட்கார்ந்து, கடினமான நோயாளியைப் பற்றியும் தன் மனத்தில் அது என்ன செய்தது என்பதைப் பற்றியும் பேசுவார்கள். டூட்டி நேரத்துக்குள்ளேயே நடக்கும், யாருடைய பதிவேட்டிலும் ஏறாது. நம்மிடம் அது பெரும்பாலும் தேநீர் இடைவேளையில் தோழியிடம் சொல்லிக்கொள்வதோடு நிற்கிறது. பெருந்தொற்று அந்தத் தேநீர் இடைவேளையையும் பறித்தது, சேர்ந்து உட்காரவே கூடாது என்று விதி. தமிழ்நாடு காவல்துறை, பெருந்தொற்றுக்கு முன்பே நிம்ஹான்ஸ் உதவியோடு காவலர் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2022 இறுதியில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக ‘மனம்’ என்ற நல்லாதரவு மன்றங்கள் வந்தன. இரண்டும் நல்ல முயற்சிகள். அதே அக்கறைக்கு மனநல வார்டின் செவிலியரும் உரியவர். அவருக்காக அப்படியொரு மன்றத்தை அமைக்க அயனாவரத்து வளாகத்தில் இடமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

வேலைப் பாதுகாப்பைப் பேசாமல் ஆதரவைப் பேசுவது பாதிப் பேச்சு. 2020-இல் கொரோனா அவசரத்துக்காக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. மாதம் 14,000 ரூபாயில் இரண்டு அலைகளைக் கடந்தவர்கள் புத்தாண்டில் தெருவில் அமர்ந்து போராடினார்கள். 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. தாற்காலிக வேலை எந்தத் துறைக்கும் கேடு, மனநலத் துறைக்கு இரட்டைக் கேடு. ஒருவரை நம்ப ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும் நோயாளியிடம், ஆறு மாத ஒப்பந்தத்தில் வருபவர் என்ன உறவை வளர்க்க முடியும்?

சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசின் டெலி மானஸ் சேவை தொடங்கியது. தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. 2018 முதல் அரசும் பான்யனும் இணைந்து வீடற்ற மனநோயாளிகளுக்காக அமைத்துவரும் அவசரச் சிகிச்சை மீட்பு மையங்களில் செவிலியரே மையத் தூண். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மனநல இல்லங்களில் இருப்போருக்கும் பணிபுரிவோருக்கும் தடுப்பூசி போட்டு முடிக்கக் கால அட்டவணை கேட்டது. இவை எல்லாம் ஆள் தேவையைக் கூட்டுகின்றன. அந்த ஆட்களைத் தயாரிக்கும் வேலை அதே வேகத்தில் நடக்கவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, மக்கள்தொகைக்கு ஏற்ற மனநல வல்லுநர்களின் எண்ணிக்கையை உலகத் தரத்துக்கு உயர்த்த அரசுகளுக்குப் பத்தாண்டு கெடு வைத்திருக்கிறது. 2018 மே மாதத்திலிருந்து எண்ணினால் அது 2028 மே மாதத்தில் முடிகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து தொடங்குவது கடினமல்ல. ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் மனநலச் செவிலியத்தில் பட்டயம் பெற்றவருக்கென்று நிரந்தரப் பணியிடம். அந்தப் பணியிடத்திலிருந்து அவரைப் பொது வார்டுக்கு மாற்றினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற விதி. நைட் டூட்டிக்குப் போக்குவரத்து. டூட்டி நேரத்துக்குள் மாதம் ஒரு வழிகாட்டல் சந்திப்பு. மனநல வார்டுக்கென்றே எழுதப்பட்ட தொற்றுத் தடுப்பு விதிநூல், அதை எழுதும் குழுவில் வார்டில் வேலை செய்த செவிலியர்கள். கவச உடையின் மார்பில் பெரிய எழுத்தில் பெயரும், சிரித்த முகத்தின் புகைப்படமும் ஒட்டும் பழக்கத்தைச் சில நாடுகளின் மருத்துவமனைகள் கொரோனா காலத்திலேயே தொடங்கின. அதற்கு ஆகும் செலவு ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும். அடுத்த தொற்றுக்கு முன் அதை விதிநூலின் முதல் பக்கத்தில் சேர்த்துவிடலாம்.